பக்கத்து வீட்டுக் கழுகு

இசைக்குழுவில் அவரை எல்லோரும் பட்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "பட்சி வந்தாச்சா?", "பட்சியோட மைக்கை யாருய்யா எடுத்தது?" என்று ஆளாளுக்குக் குரல் கொடுப்பார்கள். அவருக்குப் பாடத் தெரியாது. எந்த வாத்தியமும் கைக்கு அடங்காது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மேடை நடுவே வந்து நின்று, வரப்போகும் பாட்டின் பெயரைச் சொல்வதுதான் அவர் வேலை. அந்த இடைவெளியில் கிடார்காரர் கம்பியை முறுக்கிச் சரிசெய்வார், பாடகி தண்ணீர் குடிப்பார். அதுவரைக்கும் கூட்டம் எழுந்து கைகழுவப் போய்விடாமல் பிடித்து வைப்பது அவர் பொறுப்பு.

அவர் பிடித்து வைத்தது பறவைகளை வைத்து.

"அடுத்து, நீங்க எல்லாரும் கேட்டுக் கேட்டு அழுத பாட்டு," என்று ஆரம்பிப்பார். மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். பிறகு, "கோழி, கதவைத் திற!"

"தோழி, கதவைத் திற" என்று காதலன் உருகி உருகிப் பாடும் பாட்டு அது. தெரியாதவர் கிடையாது. அரங்கமே குலுங்கும். "தாகம் எடுத்த மேகம்" அவர் வாயில் "தாகம் எடுத்த காகம்" ஆகும். "ஆறு மைல் நடந்து வந்தேன்" என்ற பாட்டுக்கு, "ஆறு மயில் நடந்து வந்தேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, தோகை இடிக்கும்," என்பார். "நீ கொடுத்த மருந்து" என்ற சோகப் பாட்டை "நீ கொடுத்த பருந்து" என்று அறிவித்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு இறங்கிப் போவார். பாடகர் பாவம், சிரிப்பை விழுங்கிக்கொண்டு அழுது பாட வேண்டும்.

அவருக்கு ஒரே ஒரு விதி. மாற்றிப் போடும் சொல் பறவையாகத்தான் இருக்க வேண்டும். டிரம்ஸ்காரர் ஒருமுறை, "ஏன் பட்சி, 'யானை, கதவைத் திற'ன்னு சொன்னாலும்தான் சிரிப்பாங்க," என்றார். "நாலு கால் இருக்கிறதெல்லாம் என் இலாகா இல்லப்பா," என்று முடித்துவிட்டார்.

அவர் மனைவிக்குத் துணிக்கடை ஒன்றின் பின்பக்கம் ஒரு சின்ன அறையில் வேலை. புதுச் சட்டையின் கையைக் குறைப்பது, பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்குவது, ஜிப் மாற்றுவது. தையல் மெஷின், ஒரு மேஜை, கதவுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. புதுப் பறவை எதுவானாலும் முதலில் அந்த அறைக்குத்தான் வரும். பட்சி வாசலில் நின்று ஒரு பாட்டின் பெயரைச் சொல்வார். மனைவி வாயில் ஊசியைக் கடித்தபடி நிமிர்ந்து பார்ப்பார். சிரித்தால் அது சுமார். தலையில் அடித்துக்கொண்டால் அன்று மேடையில் கைதட்டல் நிச்சயம். இப்படியே மகளுக்குக் கல்லூரிக்குப் போகும் வயது வந்துவிட்டது.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. பட்சியின் மனைவியும் மகளும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்த பாட்டு தோணி, கதவைத் திற."

கூட்டம் சிரித்தது. பட்சி வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும் என்று பழகிய கூட்டம் அது. மகளும் சிரித்தாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. மூச்சு நேர நிறுத்தம் இல்லையே என்பதுதான் அவருக்கு முதலில் உறைத்தது. துணியில் தையல் ஒன்று விட்டுப்போயிருந்தால் விரலுக்குத் தெரிவது போல.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி கேட்டார். "ஏங்க, தோணி எந்தப் பறவை?"

"தோணியா? தோணி படகும்மா."

"அதைத்தான் கேக்கறேன். மேடையில தோணின்னீங்களே."

"நானா? கோழின்னுதானே சொன்னேன்."

முன் சீட்டில் இருந்த மகள் திரும்பினாள். "இல்லப்பா, தோணின்னுதான் சொன்னீங்க. செம சிரிப்பு."

அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விளையாடுகிறார்கள் என்று நினைத்தவர் போல ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மனைவி காதைத் தீட்டி வைத்துக்கொண்டார். சீப்பைக் கேட்கும்போது கணவர் "சிப்பி" என்றார். குடையை "கொடி" என்றார். மகள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள், "அப்பா இப்ப வீட்டுச் சாமானையும் விட்டு வைக்கிறதில்ல," என்று. அவரும் கூடவே சிரித்தார். ஆனால் சிரிக்கும்போது அவர் கண் மனைவியிடம் வந்து நிற்கும், என்ன சொன்னேன் என்று கேட்பது போல. தப்பு செய்கிறோம் என்று அவருக்குப் புரிந்திருந்தது. எது தப்பு என்று மட்டும் பிடிபடவில்லை.

அடுத்த நிகழ்ச்சியில் "வாழ்த்துச் சொல்ல வந்தேன்" என்ற பாட்டு வந்தது. "வாத்துச் சொல்ல வந்தேன்" என்பது அவருடைய பழைய சரக்கு. அன்றைக்கு "வாய்க்கால் சொல்ல வந்தேன்" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. டிரம்ஸ்காரர் வீடு வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். "அண்ணி, பட்சி கூட்டை விட்டு வெளியில வந்துட்டாரு. இனிமே ஆறு, குளம், வாய்க்கால் எல்லாம் வரும் பாருங்க!"

அண்ணி டீ டம்ளரை அப்படியே மேஜையில் வைத்தார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்றார் கணவரிடம். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதுதான் மனைவியை இன்னும் பயமுறுத்தியது.

ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, அறுவை மருத்துவர் பேனா முனையால் காட்டினார். இடது பக்கம், காதுக்கு மேலே, வெள்ளையாக ஒரு கட்டி. மென்மையான குரல் அவருக்கு. பேச்சில் சுற்றி வளைப்பது இல்லை.

"பேச்சு வர்ற இடத்தை ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. முழு மயக்கத்துல வெட்டினா எது கட்டி, எது பேச்சுன்னு எனக்குத் தெரியாது. அதனால ஆபரேஷன் நடுவுல உங்களை எழுப்புவோம். நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். நான் ஒவ்வொரு இடமா லேசா கரண்ட் வச்சுப் பார்ப்பேன். எங்க பேச்சு தடுமாறுதோ அங்க கத்தி போகாது."

"வலிக்குமா டாக்டர்?"

"மூளைக்கு வலி தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்றார் பட்சி. மருத்துவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

பேசிக்கொண்டே இருப்பதற்குப் பயிற்சி கொடுக்க ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு பெண் வந்தாள். மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். முதலில் படங்களைக் காட்டினாள். நாற்காலி, சாவி, கப்பல். அவருக்கு அதில் மனம் நிற்கவில்லை. அவர் தொழில் தெரிந்ததும் வழியை மாற்றினாள். பாட்டின் தொடக்க இசையைப் போனில் போட்டுக் காட்டுவாள், அவர் பெயரைச் சொல்ல வேண்டும். இதில் அவர் கண் பளிச்சென்று ஆனது. ஆனால் வேறு தலைவலி வந்து சேர்ந்தது.

"காடை முடிஞ்சா வருவேன்," என்றார்.

"சார், கோடை முடிஞ்சா வருவேன்."

"தெரியும்மா. காடைங்கிறது பறவை."

அடுத்த இசை. "குருவிக்கு என்ன அவசரம்."

"அருவிக்கு, சார்."

பெண் கையிலிருந்த போனை மடியில் வைத்தாள். பட்சியின் மனைவியை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "ஆன்ட்டி, இப்படிப் பண்ணினா எங்களுக்குக் கஷ்டம். மூளையில ஒரு இடம் தடுமாறும்போது வர்ற தப்பும் இதே மாதிரிதான் இருக்கும். ஒரு எழுத்து மாறும், வேற வார்த்தை வரும். ஜோக் எது, தப்பு எதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. ஆபரேஷன் டேபிள்ல அவர் விளையாடினா, வெட்டலாமா கூடாதான்னு டாக்டருக்கு எப்படி நான் சொல்றது?"

உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு, மனைவி வெடித்தார். "உங்களுக்கு எல்லாமே விளையாட்டா? உயிர் போற விஷயம்ங்க இது. அந்தப் பொண்ணு அழாத குறை."

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருக்கும்மா. பறவை சரியா வந்து விழும்போதுதான் நான் இன்னும் உள்ள இருக்கேன்னு எனக்கே தெரியுது."

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "ஆபரேஷன் அன்னைக்கு மட்டும் பறவை வேணாம். எனக்காக."

"சரி. வாயைக் கட்டிக்கறேன்."

அறுவை நாள் காலையில், ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய ஒரு குட்டி அறையில் மனைவியை உட்கார வைத்தார்கள். ஒரு நாற்காலி, சுவரில் ஒரு ஒலிபெருக்கி, மேஜையில் ஒரு மைக். மனைவியின் குரல் கேட்டால் நோயாளி பதறாமல் இருப்பார் என்று மருத்துவர் செய்த ஏற்பாடு. உள்ளே பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும். எதையும் பார்க்க முடியாது. மகள் வெளியே வராந்தாவில் இருந்தாள். அவளுக்கு இதைக் கேட்கிற தைரியம் இல்லை.

வெகுநேரம் கருவிகளின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மருத்துவரின் குரல். "சார், கண்ணைத் திறங்க. எங்க இருக்கீங்க?"

"மேடையில," என்று கரகரத்த குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். இந்தப் பக்கம் மனைவி சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

இசை ஒலித்தது. "ஆறு மைல் நடந்து வந்தேன்," என்றார் பட்சி. மைல். மயில் இல்லை. மனைவி மூச்சை விட்டார்.

"தோழி, கதவைத் திற." சரி.

"தாகம் எடுத்த மேகம்." சரி.

வாக்குக் கொடுத்தபடி மனிதர் நல்ல பிள்ளையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு பதிலுக்கும் மருத்துவர், "இங்க எடுக்கலாம்," என்றார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஒருமுறை அவர், "வா... வா..." என்று நின்றுவிட்டார். நாக்கு தட்டுத் தடுமாறுவது இந்த அறைக்குத் தெளிவாகக் கேட்டது. "கரண்டை எடுத்துட்டேன், எடுத்துட்டேன்," என்றார் மருத்துவர். கரண்ட் விலகியதும், "வாழ்த்துச் சொல்ல வந்தேன்," என்று முழுசாக வந்தது. "இந்த இடத்துல அடையாளம் வைங்க. தொடக் கூடாது."

அடுத்து ஒரு துள்ளல் இசை. எதிர்வீட்டுப் பையன் பக்கத்து வீட்டுப் பெண்ணை வர்ணித்துப் பாடும் பாட்டு. பக்கத்து வீட்டு அழகு.

"பக்கத்து வீட்டுக் கழுகு," என்றார் பட்சி.

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

"சார்," என்றாள் தெரபிஸ்ட் பெண். "விளையாடுறீங்களா?"

"கழுகு," என்றார். "பக்கத்து வீட்டுக் கழுகு."

மருத்துவரின் குரல் தாழ்ந்தது. "திரும்பப் போடுங்க." மறுபடியும் அதே இசை. மறுபடியும் கழுகு. "அவர் மனைவிகிட்ட கேளுங்க. இது அவர் மேடையில சொல்ற ஜோக்தானா?"

ஒலிபெருக்கி அவர் பக்கம் திரும்பியது போல இருந்தது. "ஆன்ட்டி, கேக்குதா? 'பக்கத்து வீட்டுக் கழுகு' அவர் எப்பவும் சொல்றதா?"

மைக்கின் பித்தானை அழுத்தினார். "ஆமா. சொல்லுவார்."

"அப்ப இது ஜோக்கா?"

ஜோக்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஜோக் என்றால் கணவர் நன்றாக இருக்கிறார். ஜோக் என்றால் கட்டி முழுசாக வெளியே வந்துவிடும். வாக்குக் கொடுத்துவிட்டு அடக்க முடியாமல் ஒரு பறவையைப் பறக்கவிட்டார், அவ்வளவுதான். அவர் செய்யக்கூடிய ஆள்தான். இன்றைக்கு அதற்குத் திட்டுக்கூட விழாது.

"ஏங்க," என்றார் மைக்கில். "நான்தான். ஜோக் அடிச்சீங்களா?"

கொஞ்சம் தாமதித்து, "ஆமா," என்று வந்தது.

உள்ளே யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள். "சரி, அப்ப இங்க..." என்று மருத்துவர் தொடங்கினார்.

"இருங்க டாக்டர், கரண்டை எடுக்காதீங்க!" மனைவி நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். காதில் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கும் கழுகுக்கும் நடுவில் அந்த ஒரு மூச்சு இல்லை. தையல் அறை வாசலில் நின்றாலும், மேடையில் நின்றாலும், பறவையைச் சொல்வதற்கு முன்னால் அவர் நிறுத்தாமல் இருந்ததே இல்லை.

"ஏங்க, ஜோக்கு சரி. அசல் பாட்டு என்ன? அதைச் சொல்லுங்க."

"பக்கத்து வீட்டு..."

"ம். சொல்லுங்க."

"பக்கத்து வீட்டு... வீட்டு..." கருவி ஒன்று டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. "கழுகு."

"டாக்டர், அங்க தொடாதீங்க. ஜோக் இல்ல."

"அவரே ஆமான்னு சொன்னாரேம்மா."

"சொன்னார். ஆனா அது இல்ல."

"இந்த இடத்தை விட்டா கட்டியில ஒரு பகுதி உள்ளேயே தங்கிடும். தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். வேணாம்."

"அடையாளம் வைங்க," என்று மருத்துவரின் குரல் மட்டும் கேட்டது. மனைவி உட்கார்ந்தார். கை தானாக மைக்கின் பித்தானிலிருந்து விலகியது.

வராந்தாவுக்கு வந்ததும் மகள், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னார். மகள் முகம் வெளுத்தது. "அப்பா நிஜமாவே ஜோக் அடிச்சிருந்தா?"

மனசுக்குள்ளே ஒரு பட்சி சொன்னது என்றா மகளிடம் சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இன்னும் மோசம். கணவர் கண் திறந்தார், கையைப் பிடித்தார், ஆனால் பேசவில்லை. வீக்கம் வடிந்தால் வரும் என்றார்கள். மனைவி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கணவரின் உதடு அசையும், காற்று மட்டும் வரும். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். டிரம்ஸ்காரர் பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று, பேசத் தெரியாமல் கட்டில் கம்பியில் விரலால் தட்டிவிட்டுப் போனார்.

ஒருநாள் மதியம் நர்ஸ் தலையணையை மாற்றிக்கொண்டிருந்தபோது, "கழுத்து," என்றார் பட்சி. நர்ஸ் மனைவியைப் பார்த்தார். மனைவியின் முகத்தில் ரத்தம் இல்லை. மறுபடியும் அந்தக் கழுகுதானா?

"கழுத்து வலிக்குதும்மா," என்றார் அவர். "மெதுவா."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வார்த்தைகளைத் தேடி எடுத்து வைப்பது போலப் பேசினார், ஆனால் எடுத்த வார்த்தை சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் மனைவி கேட்டார். "அன்னைக்கு உள்ள, கழுகுன்னு சொன்னீங்களே. நிஜமா ஜோக்கா?"

"இல்ல."

"பின்ன ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

அவர் நிதானமாகச் சொன்னார். "பாட்டு தெரியுது. பாட்டுல வர்ற பொண்ணு முகம், ஜன்னல், எல்லாம் தெரியுது. வார்த்தை மட்டும் வரல. கழுகுதான் வருது. நீ கேட்டப்ப உன் குரல் நடுங்கிச்சு. இல்லன்னு சொன்னா நீ பயந்துடுவேன்னு..."

"பயந்துடுவேன்னு?" மனைவியின் குரல் ஏறியது. "நான் பயப்படக் கூடாதுன்னு, அறுக்கட்டும்னு விட்டீங்களா? அந்த ஒரு 'ஆமா'வை நம்பியிருந்தா இன்னைக்கு இப்படி உட்கார்ந்து எங்கூடப் பேசிக்கிட்டிருப்பீங்களா?" கையிலிருந்த பாத்திரத்தை நங்கென்று வைத்தார். அன்றைக்கும் மறுநாளும் பேசவில்லை. பட்சி அவர் பின்னாலேயே சுற்றி வந்தார். கடைசியில் மகள்தான் பஞ்சாயத்துக்கு வர வேண்டியிருந்தது.

மிஞ்சிய கட்டிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். அது அங்கேயேதான் இருக்கிறது, வளரவில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். மேடைக்கு அவர் திரும்பவில்லை. மேடையில் சொல்லைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. எந்த பஸ், எந்த நடைமேடை, எப்போது கிளம்பும். எழுதியதைப் பார்த்துப் படித்தால் போதும். குரல் மட்டும் பழைய குரல். அந்தக் குரலுக்காகவே சிலர் தங்கள் பஸ்ஸைத் தவறவிட்டதாகச் சொல்லி அவர் அறைக்கே வந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

துணிக்கடைக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் ஒரு சாலைதான். தையல் அறை ஜன்னலைத் திறந்து வைத்தால் அறிவிப்புகள் எல்லாம் கேட்கும். மழைக்காலத்தில்கூட அந்த ஜன்னல் திறந்தேதான் இருக்கும்.

சென்ற வாரம் ஒருநாள் காலையில், "பயணிகள் கவனத்துக்கு," என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். மனைவி காலை மெஷின் மிதியிலிருந்து எடுத்தார். ஊசி பாதித் துணியில் நின்றது. சாலையில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் வந்தது. அளவு கொடுக்க வந்து நின்றிருந்த வாடிக்கையாளர், "என்னக்கா?" என்று கேட்டார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. யாரோ தண்ணீர் டம்ளரை வைக்கும் சத்தம். பிறகு, "...மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்," என்று அறிவிப்பு முடிந்தது.

"ஒண்ணுமில்ல," என்றார் வாடிக்கையாளரிடம். "கையை நீட்டுங்க, அளவு எடுக்கணும்."